டாரிக்கு 20 வயதுதான்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். அக்கா மகன் கையிலிருந்து இறக்காமல் படித்தான் என்பதால் எஸ்.இ.ஹின்டனின் ‘தி அவுட்சைடர்ஸ்’ நாவலை நீங்களும் எடுத்துப் படித்திருக்கிறீர்கள். நாற்பதை நெருங்கும் வயதில் அது உங்களைப் பெரிதாக அசைக்கவில்லை. எல்லோரும் அடிக்கடி அழுகிறார்கள், யார் உள்ளே வந்தாலும் கண் என்ன நிறம், முடி என்ன நிறம் என்று ஒரு வர்ணனை வருகிறது, தேவாலயம் கதைக்குத் தேவையான நேரத்தில் சரியாகத் தீப்பிடிக்கிறது என்கிறீர்கள். “பள்ளி மாணவி ஒருத்தி எழுதினாள் என்பதைத் தவிர இதில் பெரியவர்களுக்கு என்ன இருக்கிறது? அவனிடம் இதைப் பற்றி நான் என்ன பேசுவது?” என்பது கேள்வி.

நீங்கள் சொன்ன குறைகள் எல்லாம் புத்தகத்தில் இருப்பவைதான். அதில் ஒன்றிரண்டை மறுப்பேன், மற்றவற்றை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் எழுதிய அத்தனை நீளமான குறிப்பில் ஒரு பெயர் வரவே இல்லை. ஜானி வருகிறான், டாலஸ் வருகிறான், செர்ரிகூட வருகிறாள். கதைசொல்லி போனிபாயின் மூத்த அண்ணன் டாரியைக் காணோம். என் பதில் பெரும்பாலும் அவனைப் பற்றித்தான் இருக்கும். ஏனென்றால் இந்த நாவலில் போனிபாய் வளர்கிறான் என்று எதையாவது சுட்டிச் சொல்ல முடியுமானால், அது அவன் தன் அண்ணனைச் சரியாகப் பார்க்கக் கற்றுக்கொள்வதுதான். கத்திக்குத்து, தலைமறைவு, தீ, அடிதடி, சாவு எல்லாம் அந்தப் பார்வை மாறுவதற்கு அவன் கொடுக்கும் விலை.

படிக்காதவர்களுக்காகக் கதையை வேகமாகச் சொல்கிறேன். 1960களின் அமெரிக்கா, ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரம். நாவலில் ஊர்ப் பெயர் வராது, ஆனால் ஹின்டன் வளர்ந்ததும் எழுதியதும் அங்கேதான். ஊரின் கிழக்குப் பக்கத்தில் ஏழைப் பையன்கள், தலைமுடிக்கு எண்ணெய் தடவி நீளமாக விடுகிறவர்கள், கிரீசர்கள். மேற்குப் பக்கத்தில் காரும் நல்ல சட்டையும் வைத்திருக்கும் வசதியான பையன்கள், சோஷ்கள். 14 வயது போனிபாய் கர்ட்டிஸ்தான் கதைசொல்லி. எட்டு மாதத்துக்கு முன்னால் அப்பா அம்மா இருவரும் கார் விபத்தில் இறந்துவிட்டார்கள். வீட்டில் மூன்று சகோதரர்கள் மட்டும். டாரிக்கு 20, சோடாபாப்புக்கு 16, கடைசி இவன். ஒரு இரவு சோஷ்கள் பூங்காவில் போனிபாயை நீரூற்றுத் தொட்டியில் முக்கிக் கொல்லப் பார்க்கும்போது, நண்பன் ஜானி அவர்களில் பாப் என்பவனைக் கத்தியால் குத்திக் கொன்றுவிடுகிறான். இருவரும் ஊரைவிட்டு ஓடி ஒரு பாழடைந்த தேவாலயத்தில் ஒளிகிறார்கள். அந்தத் தேவாலயம் தீப்பற்றும்போது உள்ளே மாட்டிக்கொண்ட குழந்தைகளைக் காப்பாற்றுகிறார்கள். அதில் பட்ட காயத்தால் ஜானி இறக்கிறான். அதைத் தாங்க முடியாமல் இன்னொரு கூட்டாளி டாலஸ் தன் சாவைத் தானே தேடிக்கொள்கிறான்.

இப்போது டாரி. முதல் அத்தியாயத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். போனிபாய் சினிமா பார்த்துவிட்டுத் தனியாக நடந்து வருகிறான். சோஷ்கள் வழிமறித்துக் கழுத்தில் கத்தி வைக்கிறார்கள். கூட்டாளிகள் ஓடி வந்து காப்பாற்றுகிறார்கள். அவனைத் தூக்கி நிறுத்தி, ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டு, தோளைப் பிடித்து உலுக்குவது டாரி. அடுத்த நிமிடமே திட்டு ஆரம்பிக்கிறது. ஏன் தனியாக வந்தாய், புத்தியே கிடையாதா, படிப்பில் இருக்கும் மூளை மற்றதில் எங்கே போகிறது? சோடா குறுக்கே வந்து தம்பியைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. இந்தக் காட்சியை யார் படித்தாலும் முதல் வாசிப்பில் போனிபாயின் பக்கம்தான் நிற்போம். அடிபட்டு வந்தவனைத் திட்டுகிறானே, இவன் என்ன மனுஷன் என்று தோன்றும். போனிபாயே நமக்கு அப்படித்தான் காட்டுகிறான். அண்ணனின் கண்கள் பனிக்கட்டி மாதிரி இருக்கும், ஆள் பாறை மாதிரி என்கிறான்.

ஆனால் அதே பக்கங்களில், டாரி இந்த 20 வருடத்தில் நிறைய அனுபவித்துவிட்டான், சீக்கிரமாகவே வளர்ந்துவிட்டான் என்றும் அவன் வாயாலேயே வருகிறது. தகவலாக அவனுக்கு எல்லாம் தெரியும். டாரி கூரை வேய்கிற வேலைக்குப் போகிறான் என்று தெரியும். பள்ளியில் கால்பந்து அணித் தலைவனாக இருந்தவன், கல்லூரிக்குப் போயிருக்க வேண்டியவன் என்று தெரியும். தெரிந்தும் அது அவனுக்கு உறைக்கவில்லை. பதினாலு வயதுக்கு இருபது என்பது பெரிய ஆள். நாற்பது வயதில் நின்று பார்க்கிற உங்களுக்கோ அது சின்னப் பையன். இரண்டு தம்பிகளையும் அரசு விடுதிக்கு அனுப்பிவிடாமல் இருக்க வேண்டுமென்றால், வீட்டில் எந்தப் பிரச்சினையும் வரக்கூடாது, காவல்துறை வாசல்படி ஏறக்கூடாது, தம்பி படிப்பில் சறுக்கக்கூடாது. இவ்வளவு நிபந்தனையையும் தலையில் சுமந்துகொண்டு பகலெல்லாம் கூரைமேல் நிற்கிற ஒரு 20 வயதுப் பையன், தம்பி இருட்டில் தனியாக நடந்து வந்து கழுத்தில் வெட்டுக்காயத்தோடு நிற்பதைப் பார்த்தால் என்ன செய்வான்? பயந்துபோவான். அந்தப் பயத்தைக் காட்ட அவனுக்குத் தெரிந்த ஒரே வழி கத்துவது. ஹின்டன் இதை இங்கே நேரடியாக விளக்கவில்லை. உலுக்கலும் கேள்வியும் முதலில், திட்டு அதற்குப் பிறகு என்ற அந்த வரிசையை மட்டும் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

அறை விழுகிற இடமும் இப்படித்தான். காலி மனையில் தூங்கிப்போன போனிபாய் நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு வீட்டுக்கு வருகிறான். டாரி தூங்காமல் உட்கார்ந்திருக்கிறான். போலீஸுக்கும் சொல்ல முடியாது, சொன்னால் தம்பிகளைப் பிரித்துக் கொண்டுபோய்விடுவார்கள். பேச்சு முற்றிக் கை ஓங்கிவிடுகிறது. அந்த வீட்டில் அதுவரை யாரும் போனிபாயை அடித்ததில்லை. அடித்த மறுகணமே டாரி தன் கையைப் பார்த்துத் திகைத்து நிற்கிறான், வேண்டுமென்று அடிக்கவில்லை என்கிறான். கதையின் அத்தனை கேடும் அந்த ஒரு அறையில் ஆரம்பிக்கிறது. போனிபாய் வெளியே ஓடுகிறான், பூங்காவுக்குப் போகிறான், அங்கே கொலை நடக்கிறது. இந்தக் கணக்கை டாரி எத்தனை இரவு போட்டுப் பார்த்திருப்பான் என்று நாவல் சொல்வதில்லை. கதைசொல்லி தம்பி, அவன் அங்கே இல்லை. பெரியவர்கள் வாசிக்கும்போது அந்த இடைவெளி தானாகவே நிரம்பிவிடும் என்று நினைக்கிறேன். போனிபாயும் ஜானியும் தேவாலயத்தில் ஒளிந்திருந்த நாட்களில், டாரி அந்த வீட்டில் எப்படி இருந்திருப்பான்? எழுதப்படாத அந்த அத்தியாயம்தான் எனக்கு இந்தப் புத்தகத்தில் மிகக் கனமானது.

அப்புறம் மருத்துவமனைக் காட்சி. தீயிலிருந்து வந்த போனிபாயைப் பார்க்க அண்ணன்கள் வருகிறார்கள். சோடா பாய்ந்து கட்டிக்கொள்கிறான். டாரி வாசற்படியிலேயே நிற்கிறான். கைகள் பைக்குள், முஷ்டியாக. பேச வருகிறது, முடியவில்லை. அழுகிறான். அப்பா அம்மாவின் இறுதிச் சடங்கில்கூட அழாதவன். அப்போதுதான் போனிபாய்க்கு எல்லாம் ஒரே நேரத்தில் புரிகிறது. இவன் தன்னை வெறுக்கவில்லை, இன்னொருவரையும் இழந்துவிடுவோமோ என்ற பயத்தில் இருந்திருக்கிறான். “எல்லோரும் அடிக்கடி அழுகிறார்கள்” என்று எழுதினீர்களே, இந்த ஒரு அழுகையை மட்டும் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். கதையின் பாதித் தூரம் வரை அழாமல் இருந்த ஒருவனை அழவைப்பதற்காகவே ஹின்டன் அதுவரை அவனைப் பாறையாக வைத்திருந்தார்.

சுமாரான எழுத்தாளராக இருந்தால் கதையை இங்கே முடித்திருப்பார். அண்ணனும் தம்பியும் கட்டிக்கொண்டாயிற்று, சுபம். ஹின்டன் முடிக்கவில்லை, அதனால்தான் இந்த நாவலை நான் மதிக்கிறேன். ஜானியும் டாலஸும் இறந்த பிறகு, நீதிமன்றம் போனிபாயை அண்ணன்களோடு இருக்கலாம் என்று விட்ட பிறகு, வீட்டில் மறுபடி அதே சண்டை தொடங்குகிறது. மதிப்பெண் இறங்குகிறது, வீட்டுப்பாடம் எழுதுவதில்லை, சாப்பாடு இறங்கவில்லை. டாரி கேட்கிறான், போனிபாய் எரிந்து விழுகிறான். ஒருவரைப் புரிந்துகொண்டுவிட்டால் அவரோடு வாழ்வது சுலபமாகிவிடாது என்பதைப் பள்ளி வயதில் எழுதுவது சாதாரண விஷயமில்லை.

அந்தச் சண்டையில் உடைந்துபோகிறவன் சோடா. எப்போதும் சிரித்துக்கொண்டிருப்பவன், இருவருக்கும் நடுவில் நின்று சமாதானம் பேசியே பழகியவன். அவன் வீட்டைவிட்டு ஓடுகிறான். இருவரும் துரத்திப் பிடிக்கிறார்கள். கயிறிழுக்கும் போட்டியில் நடுவில் மாட்டிக்கொண்டவனைப் போல இருக்கிறது, ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறீர்கள், என்னால் முடியவில்லை என்கிறான். அண்ணனிடம் அவன் சொல்வது, இவனைத் தவறு செய்ய விடு என்று. தம்பியிடம் சொல்வது, இவன் உனக்காக எதையெல்லாம் விட்டான் என்று யோசித்துப் பார் என்று. நம்மை ஒரு விடுதியில் தள்ளிவிட்டு இவன் கல்லூரிக்குப் போயிருக்கலாமே என்கிறான். வீட்டில் நடுப்பிள்ளையாகப் பிறந்த யாராவது இந்த இடத்தைப் படித்துவிட்டு சும்மா இருந்திருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. போனிபாய்க்கு அப்போதுதான் இன்னொன்றும் புரிகிறது. டாரியைப் புரிந்துகொள்ளாதது மட்டுமில்லை, கூடவே ஒரே கட்டிலில் படுத்துத் தூங்கும் சோடாவின் துயரத்தையும் அவன் கவனித்திருக்கவில்லை. சாண்டி என்ற பெண்ணுக்கு சோடா எழுதிய கடிதம் பிரிக்கப்படாமலே திரும்பி வந்திருக்கிறது. டாரிக்கு அது தெரிந்திருக்கிறது, போனிபாய்க்குத் தெரியாது.

டாரியைப் பற்றி இன்னொரு இடம், பெரும்பாலானவர்கள் வேகமாகக் கடந்துவிடுவது. பெரிய அடிதடிக்கு இரண்டு கூட்டமும் எதிரெதிரே நிற்கின்றன. டாரிக்கு எதிராக முன்னால் வருகிறவன் பால் ஹோல்டன். பள்ளியில் டாரியோடு ஒரே அணியில் கால்பந்து ஆடிய நண்பன், இப்போது கல்லூரியில் படிக்கிறான். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கும் பார்வையில் இருக்கும் வெறுப்பையும், டாரியின் பக்கம் இருக்கும் பொறாமையையும் கூச்சத்தையும் போனிபாய் கவனிக்கிறான். ஒருவன் பிழைப்புக்கு வேலை பார்க்க வேண்டியிருக்கிறது, மற்றவன் மேற்குப் பக்கத்தில் பிறந்தவன், இதற்காகவா இருவரும் வெறுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறான். அதற்குச் சற்று முன்னால் கூட்டாளி டூ-பிட் ஒன்று சொல்கிறான்: டாரி ஒரு சோஷாக ஆகாமல் தடுப்பது நாம்தான் என்று. பண வித்தியாசத்தைப் பற்றி நாவல் சோஷ் கூட்டத்துப் பெண் செர்ரியின் வாயாலும் பாபின் நண்பன் ராண்டியின் வாயாலும் நிறையப் பேசுகிறது. அதெல்லாம் சரிதான், பேச்சாகவே இருக்கிறது. பால் ஹோல்டன் வரும் ஒரு நிமிடத்தில் அது உடம்பில் வலிக்கிற விஷயமாகிவிடுகிறது.

உங்கள் குறைகளுக்கு வருகிறேன். கண் நிறமும் முடி நிறமும். இதை நான் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. இந்த நாவல் எப்படி எழுதப்பட்டதாக நாவலுக்குள்ளேயே சொல்லப்படுகிறது என்று பாருங்கள். ஆங்கில ஆசிரியர் சைம், தேர்ச்சி பெற வேண்டுமானால் ஒரு நல்ல கட்டுரை எழுதிக் கொடு என்கிறார். ஜானி விட்டுச்சென்ற கடிதத்தைப் படித்த பிறகு போனிபாய் பேனாவை எடுக்கிறான். அவன் எழுதும் முதல் வாக்கியம்தான் நாம் புத்தகத்தைத் திறந்ததும் படித்த முதல் வாக்கியம். அதாவது இத்தனை பக்கமும் ஒரு 14 வயதுப் பையனின் பள்ளிக் கட்டுரை. இறந்துபோன இரண்டு நண்பர்களை மறந்துவிடக் கூடாதே என்று பயப்படும் பையன், ஒவ்வொருவரின் முகத்தையும் கண்ணையும் முடியையும் ஒன்று விடாமல் எழுதிவைக்கிறான். அந்த வர்ணனைகள் வாக்குமூலத்தைப் போல இருப்பது அதனால்தான். பதினாறு வயது எழுத்தாளரின் பழக்கமும் அதில் இருக்கலாம், ஆனால் அந்தப் பழக்கம் இந்தக் கதைசொல்லிக்கு அப்படியே பொருந்துகிறது.

இதிலிருந்து இன்னொரு பலனும் கிடைக்கிறது. நாவலின் பின்பகுதியில் போனிபாய் நம்மிடமே தவறான தகவல் சொல்கிறான். தலையில் பட்ட அடி, காய்ச்சல், துக்கம் எல்லாம் சேர்ந்து, ராண்டி பார்க்க வரும்போது, கத்தி என்னிடம்தான் இருந்தது, பாபைக் குத்தியது நான்தான், ஜானி சாகவில்லை என்று பிடிவாதமாகப் பேசுகிறான். வாசகர் அங்கே திடுக்கிட வேண்டும். இவன் சொல்வதை அப்படியே நம்பக் கூடாது என்று தெரிந்த பிறகு, முதலில் டாரியைப் பற்றி இவன் சொன்னதை மட்டும் ஏன் அப்படியே நம்பினோம்? அந்தக் கேள்வியோடு திரும்பிப் போனால் முன்பகுதி வேறு புத்தகமாகத் தெரியும். காய்ச்சல் தெளிந்ததும் அவன் சோடாவிடம் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, பிதற்றும்போது நான் டாரியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேனா என்பது. கூப்பிட்டிருக்கக் கூடாதே என்று பயந்து கேட்கவில்லை, கூப்பிடாமல் விட்டிருந்தால் டாரி மனம் நோகுமே என்று பயந்து கேட்கிறான். முதல் அத்தியாயத்துப் போனிபாய் அப்படிக் கேட்டிருக்க மாட்டான்.

அதே பகுதியில் உடைந்த பாட்டில் காட்சியும் இருக்கிறது. கடை வாசலில் வம்புக்கு வந்த சோஷ்களை, உடைத்த பாட்டிலைக் காட்டி விரட்டுகிறான். குரலில் பயமோ கோபமோ இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும் டூ-பிட் அரண்டுபோகிறான், இவனும் டாலஸ் மாதிரி கல்லாகிவிட்டானா என்று. அடுத்து போனிபாய் குனிந்து, கார்ச் சக்கரம் பஞ்சராகிவிடக் கூடாதே என்று கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்குகிறான். டூ-பிட்டுக்கு மூச்சு வருகிறது. எந்த விளக்கமும் இல்லாமல் அந்தப் பையன் எந்தப் பக்கம் போகப்போகிறான் என்று சொல்லிவிடும் காட்சி. பதினாறு வயதில் எழுதியது என்பதைச் சலுகையாகச் சொல்லாமல் வியப்பாகச் சொல்லத் தோன்றுவது எனக்கு இங்கேதான்.

ஜானியையும் டாலஸையும் பற்றி நான் குறைவாகத்தான் சொல்லப்போகிறேன், அவர்களைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். ராபர்ட் ஃப்ராஸ்ட் 1923இல் வெளியிட்ட எட்டு வரிக் கவிதை ஒன்றைப் போனிபாய் விடியலைப் பார்த்துக்கொண்டே சொல்வதும், இளம் தளிரின் பொன்னிறம் நிலைக்காது என்ற அதன் கருத்தைச் சாகும் முன் ஜானி பிடித்துக்கொள்வதும் உங்கள் மருமகனை உருக்கியிருக்கும். உருக்கட்டும், அந்த வயதில் அது நேர்மையான உருக்கம். எனக்கு ஜானியின் கடிதத்தில் பிடித்தது வேறு. அதில் அவன் டாலஸுக்குச் சூரியன் மறைவதைக் காட்டச் சொல்கிறான். கடிதம் படிக்கப்படும்போது டாலஸ் உயிரோடு இல்லை. கடைக்குள் துப்பாக்கியோடு நுழைந்து கொள்ளையடித்துவிட்டு, குண்டு இல்லாத துப்பாக்கியைப் போலீஸ் முன் நீட்டி இறந்தாயிற்று. சொல்ல வேண்டியதைச் சொல்லவும் காலம் பிந்திவிடும் என்பதால்தான் போனிபாய் எழுத உட்காருகிறான். டாலஸ் மாதிரி தெருவில் திரியும் பையன்களுக்கு யாராவது சொல்ல வேண்டும் என்று நினைக்கிறான்.

இனி ஒப்புக்கொள்ளும் குறைகள். தேவாலயத் தீ கதைக்காக வைத்த தீதான், எனக்கும் அது உறுத்துகிறது. பெண்கள் மெலிதாகவே வருகிறார்கள். செர்ரி முதல் சந்திப்பில் அவ்வளவு கூர்மையாகப் பேசுகிறாள், பள்ளிக்கூடத்தில் உன்னைப் பார்த்தால் பேசாமல் போகலாம், தப்பாக நினைக்காதே என்று சொல்லுமளவுக்கு நேர்மை. அதற்கப்புறம் நாவல் அவளை ஒரு தூதுவராக மட்டும் பயன்படுத்திக்கொள்கிறது. ஒரு பெண் எழுதியிருந்தும் இப்படி என்பது வருத்தம்தான், ஆனால் அந்தக் காலத்தில் தன் வயதுப் பெண்களுக்கு வாய்த்த வாழ்க்கையைவிடப் பையன்களின் உலகம்தான் தனக்கு நெருக்கமாக இருந்தது என்று ஹின்டன் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இதைவிடப் பெரியது, உங்கள் பட்டியலில் இல்லாதது. டல்சா என்ற ஊரில் 1921ஆம் ஆண்டு கிரீன்வுட் பகுதியில் கறுப்பின மக்களின் வீடுகளையும் கடைகளையும் வெள்ளையர் கும்பல் எரித்துத் தரைமட்டமாக்கியது. அமெரிக்க வரலாற்றின் மிகக் கொடிய இனப் படுகொலைகளில் ஒன்று. அதைப் பற்றிப் பல பத்தாண்டுகள் அந்த ஊர்ப் பள்ளிகளிலேயே சொல்லித் தரவில்லை. ஹின்டன் எழுதிய காலத்தில் ஊர் இனவாரியாகப் பிரிந்தே கிடந்தது. கிழக்கு மேற்கு என்று பிரித்துக் காட்டும் நாவலில் அந்தப் பிரிவு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஒரு மாணவி தன் கண்ணுக்கெட்டிய உலகத்தை எழுதினாள், அவள் கண்ணுக்கு எட்டாமல் ஊரே மறைத்து வைத்தது என்று காரணம் சொல்லலாம். காரணம் சரிதான், ஆனால் இன்று ஒரு பையனோடு இந்தப் புத்தகத்தைப் பேசும்போது அந்த மௌனத்தையும் சேர்த்துப் பேசுவதுதான் நியாயம். வெளியே தள்ளப்பட்டவர்களைப் பற்றிய நாவலுக்கும் வெளியே சிலர் நிற்கிறார்கள் என்பது அவனுக்குப் புரியக்கூடிய விஷயம்தான்.

எழுதப்பட்ட விதம் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், அது வெறும் துணுக்குச் செய்தி இல்லை. ஹின்டன் தொடங்கியபோது 15 வயது, பெரும்பகுதியை எழுதியபோது 16. சினிமாவிலிருந்து தனியாக வீட்டுக்குப் போன நண்பன் ஒருவன் அடிவாங்கியதுதான் முதல் தூண்டுதல் என்று சொல்லியிருக்கிறார். 1967இல் வைக்கிங் பதிப்பகம் வெளியிட்டது. பையன்களின் கதையைப் பெண் எழுதினாள் என்றால் விமர்சகர்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்று பதிப்பாளர் நினைத்ததால் சூசன் எலோயிஸ் என்ற பெயர் எஸ்.இ. ஆயிற்று. அந்த ஆண்டே நியூயார்க் டைம்ஸில் எழுதிய கட்டுரையில், பதின்வயதினருக்கென்று வரும் புத்தகங்களில் பதின்வயதினரின் நிஜ வாழ்க்கை இல்லை என்று வெளிப்படையாகக் குறைப்பட்டுக்கொண்டார். நடனத்துக்கு யாரோடு போவது என்பதைத் தாண்டாத கதைகளையே அவர் வயதினருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இளையோருக்கான எழுத்தில் வாழ்நாள் பங்களிப்பைப் பாராட்டும் மார்கரெட் எட்வர்ட்ஸ் விருது 1988இல் தொடங்கியபோது முதல் விருது அவருக்குத்தான் போனது.

இந்த வரலாறு எதற்கு என்றால், வளர்ந்தவர்கள் தங்கள் இளமையைத் திரும்பிப் பார்த்து எழுதும் நாவல்களில் ஒரு பாதுகாப்பு இருக்கும். எழுதுகிறவருக்கு முடிவு தெரியும். அந்த வயதின் முட்டாள்தனத்தைப் பார்த்து மெல்லச் சிரிப்பார், நாமும் சிரிப்போம். இந்தப் புத்தகத்தில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. எழுதுகிறவரும் உள்ளேயே நிற்கிறார். நீங்கள் மிகை உணர்ச்சி என்று சொன்னதில் பெரும்பகுதி அதுதான் என்பது என் கருத்து. உங்கள் மருமகனுக்கு அது மிகையாகத் தெரிந்திருக்காது, அவனுடைய சரியான அளவாகத் தெரிந்திருக்கும். அப்படிப்பட்ட புத்தகத்துக்குள் டாரியை, அதாவது உள்ளே இருந்து பார்க்க முடியாத ஒருவனை, வாசகர் கண்டுபிடித்துக்கொள்ளும்படி வைத்ததுதான் அந்த எழுத்தாளரின் திறமை.

அவனோடு என்ன பேசுவது என்று கேட்டீர்கள். பாடம் எடுக்காதீர்கள். நட்பு, விசுவாசம், வர்க்கம் என்று தலைப்புப் போட்டுக் கேட்டால் பள்ளிக்கூட விடை வரும், அதோடு நின்றுவிடும். டாரி அறைந்தது சரியா என்று கேளுங்கள். சரியில்லை என்பான், சரியில்லைதான். அன்றிரவு இரண்டு மணிவரை டாரி என்ன செய்துகொண்டிருந்திருப்பான் என்று அடுத்து கேளுங்கள். பதில் உடனே வராவிட்டாலும் விட்டுவிடுங்கள். அவனுக்குச் சோடாவைத்தான் அதிகம் பிடித்திருந்தால் அதையும் ஏன் என்று கேட்கலாம். பெரும்பாலான பையன்கள் சோடாவை விரும்புவது அவன் எதுவுமே கேட்காதவன் என்பதால். அந்தக் கேட்காமைக்கு அவன் என்ன விலை கொடுத்தான் என்பது கடைசி அத்தியாயத்தில் இருக்கிறது. உங்களுக்கு எது பிடிக்கவில்லை என்பதையும் அவனிடம் மறைக்க வேண்டாம். தீ விபத்தை நீங்கள் குறை சொன்னால் அவன் வாதாடுவான். வாதாட விடுங்கள்.

வயதைப் பொறுத்தவரை, 12 வயதுக்கு மேல் தாராளமாகக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். கத்திக்குத்தும் சாவும் சிகரெட்டும் குடியும் உண்டு, அதனாலேயே அமெரிக்காவில் சில பள்ளிகளிலிருந்து இதை எடுக்கச் சொல்லி எதிர்ப்பு வந்திருக்கிறது. எதையும் அது அழகாகக் காட்டவில்லை.

படத்தைச் சேர்ந்து பார்க்க நினைத்தால் ஒன்று கவனியுங்கள். கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ பகுதிப் பள்ளி ஒன்றின் மாணவர்களும் நூலகரும் சேர்ந்து கடிதம் எழுதிக் கேட்டுக்கொண்டதால்தான் ஃப்ரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலா இந்த நாவலைப் படமாக எடுத்தார். டல்சாவிலேயே படப்பிடிப்பு நடந்து 1983இல் வெளியானது. அப்போது திரையரங்கில் ஓடியது 91 நிமிடப் பதிப்பு. சகோதரர்கள் மூவருக்குமான பல காட்சிகள் அதில் வெட்டுப்பட்டிருந்தன, அதனால் அது ஜானியின் கதையாகவே நின்றது. 2005இல் கொப்போலா 22 நிமிடங்களைத் திரும்பச் சேர்த்து வெளியிட்டார். தொடக்கமும் முடிவும் நாவலை ஒட்டி மாறின, அண்ணன் தம்பிகள் திரும்பி வந்தார்கள். பார்ப்பதானால் அதையே பாருங்கள். டாரியாக நடித்த பேட்ரிக் ஸ்வேஸி அருமையான நடிகர், ஆனால் நடித்தபோது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். திரையில் அவரைப் பார்க்கும்போது ஒரு முழு ஆணின் முகம்தான் தெரியும். ஆகவே புத்தகத்தை ஒருமுறை திரும்பப் படித்துவிட்டு, அதற்குப் பிறகு படத்துக்குப் போங்கள்.